ஜூரி நாற்காலியில் யார் உட்காருவது? அமெரிக்கக் குற்ற வழக்குகள், நிறம், தீர்ப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மறு வருடமே எனக்கு ஜூரி சம்மன் வந்தது. போய்விட்டு வந்த கதையை நாலு பேரிடம் சொன்னேன். அதிலிருந்து கொலுவுக்குப் போனாலும் பொங்கல் விழாவுக்குப் போனாலும் யாராவது ஓரமாக அழைத்து இதைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். நான் வக்கீல் இல்லை. அன்று நீதிமன்றத்தில் பார்த்தது மனதை உறுத்தியதால் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தவள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்து, படித்துத் தெரிந்துகொண்டதை எழுதியிருக்கிறேன்.

ஜூரின்னா யாரு? நீதிபதி இருக்கும்போது அவங்க எதுக்கு?

ஊரில் இருக்கும் சாதாரணக் குடிமக்கள்தான். வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமப் பட்டியல் போன்றவற்றிலிருந்து குலுக்கலில் பெயர் எடுத்து சம்மன் அனுப்புவார்கள். கடுமையான குற்ற வழக்கு என்றால் பெரும்பாலும் பன்னிரண்டு பேர். நடந்தது என்ன, குற்றம் நிரூபணமானதா என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. சட்டத்தை எடுத்துச் சொல்வதும், பெரும்பாலான வழக்குகளில் தண்டனை விதிப்பதும் நீதிபதியின் வேலை. அரசியல் சாசனத்தின் 6-வது திருத்தம் இதைக் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

இந்தியாவிலும் ஜூரி இருந்தது. ஜூரி விசாரித்த பிரபலமான பம்பாய்க் கொலை வழக்கான நானாவதி வழக்கைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லாமல் போனது. அதனால்தான் நம்மில் பலருக்கு ஜூரி என்பது சினிமாவில் பார்த்த சங்கதியாக மட்டும் இருக்கிறது.

சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? ஜூரியில கறுப்பர் இருந்தா என்ன, வெள்ளைக்காரர் இருந்தா என்ன?

சட்டம் ஒன்றுதான். ஆனால் இந்தச் சாட்சியை நம்பலாமா, போலீஸ்காரர் சொல்வது உண்மையா, போலீஸைக் கண்டு ஓடியவன் குற்றம் செய்துதான் ஓடினானா, பயந்து ஓடினானா என்றெல்லாம் எடை போடுவது மனிதர்கள். அவரவர் பட்டறிவை வைத்துத்தான் எடை போடுவார்கள். ஒரு சாராரை மொத்தமாக வெளியே நிறுத்திவிட்டால், அவர்கள் வாழ்ந்து அறிந்தது அந்த அறைக்குள் வராமலே போகும்.

மேற்கு வர்ஜீனியாவில் வெள்ளை ஆண்கள் மட்டுமே ஜூரியாகலாம் என்று சட்டமே இருந்தது. 1880-ல் ஸ்ட்ராடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 14-வது திருத்தம் தரும் சமப் பாதுகாப்புக்கு அது விரோதம் என்றது. அதன் பிறகு தெற்கு மாநிலங்கள் அதே காரியத்தைச் சட்டத்தில் எழுதாமல் செய்துவந்தன.

1931-ல் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில், சரக்கு ரயிலில் வந்த ஒன்பது கறுப்பினப் பையன்கள் மீது இரண்டு வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்ப் புகார் எழுந்தது. சில நாட்களிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை. உருப்படியான வக்கீல் உதவி கிடைக்கவில்லை என்று 1932-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுபடி விசாரணை, மறுபடி தண்டனை, மறுபடி மேல்முறையீடு. இம்முறை கேள்வி ஜூரியைப் பற்றியது. பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்களும் இருக்கின்றனவே என்றது அலபாமா. பையன்களின் வக்கீல் அந்தப் பேரேட்டையே வாஷிங்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார். நீதிபதிகள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெயர்கள் பிற்பாடு செருகப்பட்டவை. 1935-ல் அந்தப் பையன்களில் ஒருவரான நாரிஸின் வழக்கில் தண்டனை மீண்டும் ரத்தானது. இந்த விஷயத்தைப் பற்றி ஒரே ஒரு காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, பட்டியல்ல பேரைச் சேத்தாச்சு. அதோட பிரச்சினை தீர்ந்துச்சா?

இல்லை. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, ஜூரி நாற்காலியில் உட்காருவது வேறு. சம்மன் வந்தவர்களை நீதிமன்றத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஒருதலைப்பட்சமாக இருப்பார் என்று தெரிந்தால் காரணம் காட்டி நீக்கலாம். அதற்கு மேல் இரு தரப்புக்கும் சில பேரைக் காரணமே சொல்லாமல் நீக்கும் உரிமையும் உண்டு. இதைப் ‘பெரம்ப்டரி சேலஞ்ச்’ என்பார்கள். எத்தனை பேர் என்பது மாநிலத்துக்கு மாநிலம், வழக்குக்கு வழக்கு மாறும். கறுப்பினத்தவர்கள் நாற்காலி வரை வந்து திரும்பிப் போனது இந்த வழியில்தான்.

1965-ல் ஸ்வெயின் வழக்கில் இது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்த அலபாமாவின் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 1950-ஐ ஒட்டிய காலத்திலிருந்து ஒரு கறுப்பினத்தவர்கூட விசாரணை ஜூரியில் அமரவில்லை. அப்படியும் நீதிமன்றம் தலையிடவில்லை. வழக்குக்கு வழக்கு அரசு வழக்கறிஞர் திட்டமிட்டே இப்படிச் செய்கிறார் என்று காட்டினால் பார்க்கலாம் என்றது. சிறையில் இருக்கும் ஏழை, கவுன்டியின் பல வருட வழக்குக் கட்டுகளை எங்கே போய்ப் புரட்டுவான்? உரிமை இருந்தும் அதை நிரூபிக்க வழியில்லை. இந்தக் கேள்விகள் அத்தனையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: எதைக் காட்டினால் நிரூபணம் என்று நீதிமன்றம் வைக்கிற விதியில்தான் அந்த உரிமையின் உயிர் இருக்கிறது.

பேட்சன், பேட்சன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

கென்டக்கியின் லூயிவில் நகரில் திருட்டு வழக்கில் மாட்டிய ஒரு கறுப்பின இளைஞர் ஜேம்ஸ் பேட்சன். ஜூரிக்கு வந்த நான்கு கறுப்பினத்தவரையும் அரசு வழக்கறிஞர் காரணம் சொல்லாமல் நீக்கினார். மிஞ்சியது முழுக்க வெள்ளையர் ஜூரி. 1986 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் பேட்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஸ்வெயின் கேட்ட பல வருடக் கணக்கு இனி வேண்டாம், தன் வழக்கில் நடந்ததை மட்டும் காட்டினால் போதும் என்றாகிவிட்டது. படிகள் மூன்று. முதலில், நிறம் பார்த்து நீக்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட இடமிருப்பதை எதிர்த்தரப்பு காட்ட வேண்டும். அடுத்து, நீக்கியவர் நிறத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தைச் சொல்ல வேண்டும். கடைசியில் அது உண்மைக் காரணமா, சாக்கா என்று நீதிபதி முடிவு செய்வார்.

காரணம்தானே கேக்குறாங்க? வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிடலாமே?

நடந்தது அதுதான். நாட்டின் முதல் கறுப்பின உச்ச நீதிமன்ற நீதிபதி தர்குட் மார்ஷல் இதை அன்றே சொன்னார். பேட்சன் தீர்ப்போடு ஒத்துப்போனவர், தனியாக எழுதிய குறிப்பில், காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமையையே அடியோடு எடுத்தால்தான் இது தீரும் என்றார். 1995-ல் பர்க்கெட் வழக்கு வந்தது. மிசூரியில் ஒரு அரசு வழக்கறிஞர், தலைமுடி நீளமாகவும் பரட்டையாகவும் இருக்கிறது, தாடி வைத்திருக்கிறார் என்று சொல்லிக் கறுப்பின ஜூரர்களை நீக்கியிருந்தார். இரண்டாம் படியில் சொல்லும் காரணம் நம்பும்படி இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்றது உச்ச நீதிமன்றம். நம்புவதா இல்லையா என்பது மூன்றாம் படியில் நீதிபதி பாடு.

நம்மைப் போன்ற இருமொழிக்காரர்கள் 1991-ன் ஹெர்னாண்டஸ் வழக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பானிஷ் தெரிந்த லத்தீனோ ஜூரர்களை நியூயார்க்கில் நீக்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் சொல்வதை ஏற்காமல் இவர்கள் தங்கள் காதையே நம்புவார்களோ என்று சந்தேகம் வந்ததாம். அந்தக் காரணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சாட்சி தமிழில் பேசினால் எனக்கும் இது நடக்கலாம்.

இப்படிப் பொய்க் காரணம் சொல்லி யாராவது பிடிபட்டிருக்காங்களா?

பிடிபட்டிருக்கிறார்கள். 2005-ன் மில்லர்-எல் வழக்கில் ஒரு நல்ல உரைகல் கிடைத்தது. கறுப்பின ஜூரரை நீக்கச் சொன்ன காரணம், நீக்காமல் விட்ட வெள்ளை ஜூரருக்கும் பொருந்துகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பொருந்தினால் அது சாக்குதான். டாலஸில் நடந்த அந்த வழக்கில், தகுதியுள்ள பதினொரு கறுப்பினத்தவரில் பத்துப் பேரை நீக்கியிருந்தார்கள்.

2016-ல் தீர்ப்பான ஃபாஸ்டர் வழக்கு அதைவிடக் கொடுமை. ஜார்ஜியாவின் ரோம் என்ற ஊரில் 1987-ல் நடந்த விசாரணை. நான்கு கறுப்பினத்தவர் நீக்கம், வெள்ளையர் ஜூரி, மரண தண்டனை. கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து, 2006-ல், நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போன்ற ஒரு மாநிலச் சட்டத்தின் கீழ் அரசுத் தரப்பின் கோப்பு கைக்கு வந்தது. ஜூரர் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்களுக்கு மட்டும் பச்சை மை பூசி, ‘B’ என்ற எழுத்தும் போட்டிருந்தார்கள். பச்சை என்றால் கறுப்பினத்தவர் என்று ஓரத்தில் விளக்கம் வேறு. ‘கட்டாயம் வேண்டாம்’ என்ற தலைப்பில் ஆறு பெயர்கள். முதல் ஐந்தும் கறுப்பினத்தவர்.

நீக்கப்பட்டவர்களில் ஒரு பெண்ணுக்கு வயது 34. குற்றவாளி ஃபாஸ்டருக்கு 19. இருவருக்கும் வயது கிட்டத்தட்ட ஒன்று என்பது நீக்கச் சொன்ன காரணங்களில் ஒன்று. 36 வயதுக்குக் குறைந்த எட்டு வெள்ளையரை அதே தரப்பு நீக்கவில்லை. அதில் ஒருவருக்கு 21. அந்தப் பெண் விவாகரத்தானவர் என்பது இன்னொரு காரணம். விவாகரத்தான நான்கு வெள்ளையரில் மூவரை விட்டுவைத்திருந்தார்கள். 7-1 என்று ஃபாஸ்டர் பக்கம் தீர்ப்பு. ஆனால் அந்தக் கோப்பு வெளியே வந்திருக்காவிட்டால்? இதை யோசிக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. ஒவ்வொரு வழக்கிலும் பச்சை மையோடு ஒரு தாள் கிடைக்காதே.

ஒரே ஆளை ஆறு தடவை விசாரிச்சாங்களாமே? ஒரு குற்றத்துக்கு ஒரு தடவைதானே விசாரிக்கலாம்?

விடுதலையானவரைத்தான் மறுபடி விசாரிக்கக் கூடாது. தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானாலோ, ஜூரி ஒத்த முடிவுக்கு வராமல் போனாலோ மறுபடி நடத்தலாம். மிசிசிப்பியின் வைனோனாவில் 1996-ல் ஒரு மரச்சாமான் கடையில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பின இளைஞர் மீது வழக்கு. ஆறு விசாரணையையும் நடத்தியவர் ஒரே அரசு வழக்கறிஞர். முதல் மூன்று தண்டனைகளையும் மாநில உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. மூன்றாவதை ரத்து செய்தது பேட்சன் மீறலுக்காக. நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஜூரி பிரிந்தது. அந்த இரண்டில்தான் ஒன்றுக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் ஜூரியில் இருந்தார்கள். ஆறாவதில் பதினொரு வெள்ளையர், ஒரே ஒரு கறுப்பினத்தவர். மரண தண்டனை.

2019-ல் உச்ச நீதிமன்றம் கணக்கெடுத்தது. ஆறு விசாரணையிலும் சேர்த்து, நீக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை அரசுத் தரப்பு நீக்கியிருந்தது. ஆறாவது விசாரணையில், தான் நீக்கிய ஐந்து கறுப்பினத்தவரிடம் கேட்ட கேள்விகள் 145. ஜூரியில் அமர்ந்த பதினொரு வெள்ளையரிடம் கேட்டவை மொத்தம் 12. துருவித் துருவிக் கேட்டால் யாரிடமும் ஒரு சாக்கு கிடைக்கும். 7-2 என்று தண்டனை ரத்தானது. 2020-ல் வழக்கையே கைவிட்டார்கள். அதற்குள் அவர் வாழ்க்கையில் இருபது வருடத்துக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது.

அப்போ இது கொலைகாரன் தப்பிக்கிறதுக்கு ஒரு ஓட்டைதானே?

இதைக் கேட்பவர்கள் அதிகம். பேட்சன் மீறல் நிரூபணமானால் கிடைப்பது மறுவிசாரணைதான், விடுதலை அல்ல. பேட்சனே மறுவிசாரணைக்குப் போகாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்து வருடத் தண்டனை வாங்கினார். குற்றம் செய்தவரென்றால் நேர்மையாக அமைந்த ஜூரியும் அதையே சொல்லும். அந்த நேர்மைக்கு அரசு ஏன் பயப்பட வேண்டும்?

குற்றவாளி வெள்ளைக்காரரா இருந்தா இந்த விதி செல்லுமா? அவரோட வக்கீலே கறுப்பரை நீக்கினா?

இரண்டுக்கும் செல்லும். கறுப்பின ஜூரரை நீக்கியதை வெள்ளையரும் ஆட்சேபிக்கலாம் என்றது 1991-ன் பவர்ஸ் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலும் நிறம் பார்த்து நீக்கக் கூடாது என்றது 1992-ன் மெக்காலம் வழக்கு. 1994-ல் ஆண், பெண் பார்த்து நீக்குவதற்கும் தடை வந்தது. வெளியே அனுப்பப்படும் ஜூரருக்கும் அது அவமானம் என்ற எண்ணம் இந்தத் தீர்ப்புகளில் வலுப்பட்டது.

ஜூரி அறைக்குள்ள யாராவது இனவெறியா பேசினா யாருக்குத் தெரியும்?

கூட இருந்த ஜூரர் வெளியே வந்து சொன்னால்தான் தெரியும். ஆனால் உள்ளே பேசியதை வைத்துத் தீர்ப்பைக் கலைக்கக் கூடாது என்பது பழைய விதி. 2017-ல் பெனா-ரொட்ரிகெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு விலக்கு வைத்தது. கொலராடோவில் ஒரு ஜூரர், மெக்சிகோக்காரன் என்றால் இப்படித்தான் செய்திருப்பான் என்ற தொனியில் உள்ளே பேசியிருந்தார். நிறமோ இனமோதான் ஒருவர் ஓட்டுக்குக் காரணம் என்று அவர் வாயாலேயே தெளிவாக வந்திருந்தால், நீதிபதி அதை விசாரிக்கலாம்.

பன்னிரண்டு பேரும் ஒத்துக்கணுமா? பத்துப் பேர் போதும்னு கேள்விப்பட்டேனே?

லூயிசியானாவிலும் ஓரிகனிலும் பத்துப் பேர் போதும் என்று இருந்தது. எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டை லூயிசியானா முதலில் கொண்டுவந்தது 1898-ல் நடந்த அரசியல் சாசன மாநாட்டில். வெள்ளையர் மேலாதிக்கத்தை நிலைநாட்டவே கூடியிருக்கிறோம் என்று அந்த மாநாட்டிலேயே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஓரிரு கறுப்பினத்தவர் ஜூரியில் அமர்ந்தாலும் அவர்கள் ஓட்டு செல்லாக்காசாக வேண்டும் என்பதே கணக்கு. 2020-ல் ரேமோஸ் வழக்கில் இது முடிவுக்கு வந்தது. கடுமையான குற்ற வழக்கில் தண்டிக்க இனி எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மேல்முறையீடெல்லாம் முடிந்து உள்ளே இருக்கும் பழைய கைதிகளுக்கு இது பொருந்தாது என்று அடுத்த வருடமே எட்வர்ட்ஸ் வழக்கில் சொல்லிவிட்டார்கள். லூயிசியானாவில் அவர்களை அடைத்து வைத்திருப்பது எந்த விதி தவறென்று நீதிமன்றமே சொன்னதோ, அதே விதிதான்.

புள்ளிவிவரமே பாரபட்சத்தைக் காட்டுதே. அதை நீதிமன்றத்துல வெச்சா போதாதா?

வைத்துப் பார்த்தார்கள். வாரன் மெக்கிளெஸ்கி ஜார்ஜியாவில் வெள்ளைப் போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்றதாக மரண தண்டனை பெற்ற கறுப்பினத்தவர். பால்டஸ் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் அந்த மாநிலத்தின் 2,000-க்கு மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்தார்கள். இனம் தவிர மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனைக்கான வாய்ப்பு 4.3 மடங்கு என்று கணக்கு வந்தது. 1987-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அவரைக் கைவிட்டது. கணக்கு சரியென்றே வைத்துக்கொண்டாலும், இந்த வழக்கில் இந்த மனிதருக்கு வேண்டுமென்றே பாரபட்சம் காட்டப்பட்டது என்பது அதனால் நிரூபணமாகாது என்றது. இதை ஏற்றால் எல்லாத் தண்டனைகளையும் கேள்வி கேட்பார்களே என்ற கவலையும் அதில் இருந்தது. நீதிபதி பிரெனன் தன் எதிர்த்தீர்ப்பில், நீதி அளவுக்கு மிஞ்சிக் கிடைத்துவிடுமோ என்ற பயம் இது என்று எழுதினார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அதே லூயிஸ் பவல். பேட்சனுக்கு எழுதி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, எந்த வழக்கிலாவது ஓட்டை மாற்றிப் போட நினைப்பீர்களா என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் கேட்டார். மெக்கிளெஸ்கி வழக்கில் என்றார் பவல். அவர் அப்படிச் சொன்னது 1991-ல். மெக்கிளெஸ்கிக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டதும் அதே 1991-ல்தான்.

ஃபிளவர்ஸ் வழக்கில் மட்டும் எண்கள் எப்படி எடுபட்டன என்று உடனே கேட்பீர்கள். அங்கே எண்ணியது ஒரே வழக்கறிஞர், ஒரே ஆள் மீது, ஒரே வழக்கில் செய்ததை. மாநிலம் முழுக்க நடப்பதைக் காட்டும் எண்ணுக்கு உச்ச நீதிமன்றத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. ஸ்வெயின் காலத்தில் ஊர்க்கணக்கைக் கொண்டு வா என்றார்கள். மெக்கிளெஸ்கி அதைக் கொண்டுவந்தபோது உன் கணக்கை மட்டும் காட்டு என்றார்கள்.

உச்ச நீதிமன்றம் பண்ணலைன்னா மாநிலங்களே மாத்திக்க முடியாதா?

முடியும், மாற்றியும் இருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலம் 2018-ல் கொண்டுவந்த விதிப்படி வழக்கறிஞரின் உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டாம். நடுநிலையாகப் பார்க்கும் ஒருவருக்கு இதில் இனம் ஒரு காரணமாகத் தோன்றக்கூடும் என்றாலே நீக்கம் செல்லாது. ‘போலீஸ் மீது நம்பிக்கை இல்லாதவர்’, ‘குற்றம் மலிந்த பகுதியில் குடியிருப்பவர்’ போன்ற வழக்கமான சாக்குகளைச் சந்தேகத்துக்குரியவை என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். கலிபோர்னியா 2020-ல் இதே மாதிரி சட்டம் போட்டது. அரிசோனா ஒரு படி மேலே போய், 2022 ஜனவரி முதல் காரணம் சொல்லாமல் நீக்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டது. மார்ஷல் 1986-ல் கேட்டது அதைத்தான்.

எனக்கு சம்மன் வந்திருக்கு. எப்படியாவது தட்டிக் கழிக்கணும், வழி சொல்லுங்க.

தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள். வேலை, குழந்தை, பிரசவம் என்று நியாயமான சிரமம் இருந்தால் தேதியைத் தள்ளிப்போடக் கேட்கலாம். சம்மனிலேயே அதற்கு வழி இருக்கும். போகாமலே இருந்தால் அபராதம் வரலாம்.

நான் போன அன்று என் எண் 17. இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒரு தாளில் ஏதோ குறித்துக் குமாஸ்தாவிடம் கொடுத்தார்கள். அவர் எண்களை வாசித்தார், வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து வெளியே போனோம். யார் நீக்கினார்கள், எதற்கு நீக்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. லிஃப்டில் என்னோடு இறங்கிய கறுப்பின மூதாட்டி கைப்பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டே, இது தனக்கு நான்காவது சம்மன் என்றார். ஒரு முறைகூட ஜூரியில் உட்கார்ந்ததில்லையாம். பேட்சன் ஆட்சேபத்தைப் பொதுவாக ஜூரி பதவியேற்பதற்கு முன்பே வக்கீல் எழுப்பிவிட வேண்டும் என்று பிறகு படித்தேன். அன்று அந்த அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

அதனால் போங்கள். கேட்கும் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிறது. பத்து வருடம் கழித்து மேல்முறையீட்டில் ஒருவர் உங்கள் பதிலையும் பக்கத்து நாற்காலிக்காரர் பதிலையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.